ஆமை இல்லாத புத்தகம்

ஆமை இல்லை, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை விரலை நாக்கில் தொட்டுத் தொட்டுப் புரட்டியாகிவிட்டது, ஒரு கப்பல் தலைவன் இருக்கிறான், அவனை ஏமாற்றும் வியாபாரி இருக்கிறான், புயல் வருகிறது, பாய்மரம் ஒடிகிறது, துறைமுகத்தில் ஒரு வழக்கு பக்கம் பக்கமாக நீள்கிறது, ஆனால் முதுகில் விளக்கைச் சுமந்துகொண்டு கரை கரையாகப் போன ஆமை மட்டும் எங்கேயும் இல்லை, ஜெரோம் புத்தகத்தை மூடி அட்டையைப் பார்த்தான், வேறு புத்தகமோ என்று ஒரு நப்பாசை, இல்லை, இதுதான், போன முறை கப்பலுக்குப் போவதற்கு முன்னால் புத்தகக் கண்காட்சியில் அவனே தேடி எடுத்தது, உள்ளே அவன் கையெழுத்தில் ஜோவிட்டாவுக்கு அப்பா என்று எழுதியிருக்கிறது, பத்து வயது மகள் ஞாயிறுதோறும் போனில் அவனுக்கு வாசித்துக் காட்டிய புத்தகம், மாதக்கணக்காக அவன் கடலுக்கு நடுவில் படுத்துக்கொண்டு கேட்ட புத்தகம். தூத்துக்குடியின் மத்தியானம் சன்னல் வழியே வெள்ளையாக இறங்கித் தரையில் கிடந்தது, வீட்டில் யாரும் இல்லை, மனைவி சகாயராணி மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள், பிள்ளை பள்ளிக்கூடத்தில், ஊர் வந்து சில நாளாகியும் அவன் உடம்புக்குள் கப்பல் இன்னும் நிற்கவில்லை, கட்டில் மெல்ல ஒரு பக்கம் சாய்கிறது, நிமிர்கிறது, மறுபடி சாய்கிறது, அந்த ஆட்டத்தில் கண்ணை மூடினால் ஆமை வந்துவிடுகிறது, திறந்தால் இல்லை.

மூடினால் ஞாயிற்றுக்கிழமை, நிலக்கரி ஏற்றிப்போகும் கப்பலின் வயிற்றில் எஞ்சின் அறைக்கு மேலே இரண்டு பேர் படுக்கிற சின்ன அறை, இரும்புச் சுவர் ஓயாமல் அதிர்ந்துகொண்டே இருக்கும், கையைக் கழுவினாலும் போகாத எண்ணெய் நாற்றம், வாரத்துக்கு இவ்வளவுதான் என்று அளந்து கொடுக்கும் இணையத்தை மற்ற நாளில் அவன் தொடுவதில்லை, ஞாயிற்றுக்கிழமைக்கென்று சேர்த்து வைப்பான், ராணியிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் பிள்ளைகிட்ட குடு என்பான், புத்தகத்தைத் தடாலென்று மடியில் வைக்கிற சத்தம் முதலில் கேட்கும், பிறகு பக்கம் புரளும் சத்தம், போன வாரம் எங்கன விட்டேம்ப்பா என்பாள் ஜோவி, ஆமை தொறமுகத்துக்கு வெளிய காத்துக் கெடந்துச்சு என்று இவன் சொல்வான், ஆமா ஆமா என்று தொடங்குவாள், அணைந்துபோன கலங்கரை விளக்கம் ஒன்றின் கடைசிச் சுடரை ஒரு கிழட்டு ஆமை முதுகில் ஏற்றிக்கொண்டு கிளம்புகிறது, விளக்கில்லாத கரை ஏதாவது இருந்தால் அங்கே கொண்டுபோய் வைக்கவேண்டும், இங்க வெளக்கு இருக்கா என்று ஊருக்கு ஊர் கேட்கிறது, இருக்கு போ என்று விரட்டுகிறார்கள், அலை வந்தால் சுடர் நனையாமல் இருக்க ஆமை கழுத்தை நீட்டி அலையை முகத்தில் வாங்கிக்கொள்கிறது, ஜோவியின் குரல் எங்கேயும் தட்டாமல் தடுக்காமல் தண்ணீர்போல ஓடிவரும், ஜெரோம் ஒரு வாரம் கப்பல் டர்பன் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டுக் கிடக்கிறது, பயங்கரக் குளிர் என்று சொன்னான், அடுத்த வாரம் ஆமையும் குளிர்ந்த தண்ணீருக்குள் போயிருந்தது, அதன் ஓட்டின்மேல் பனி படிந்திருந்தது, என்ன அதிசயமான புத்தகம் என்றுதான் அவனுக்குத் தோன்றியது, பக்கத்துப் படுக்கை ஒடிசாக்காரனுக்கு இந்தியில் அப்படியே சொல்லுவான், இவ்வளவு தடிமன் என்று கையால் காட்டுவான், அதை என் மகள் ஒரு மூச்சில் படிக்கிறாள் என்பான், அந்த ஆளும் எழுந்து உட்கார்ந்து, சரி, ஆமை கரை சேர்ந்ததா என்று கேட்பான்.

இவ்வளவு தடிமனாக ஏன் வாங்கினான் என்று இப்போது யோசித்தால், யோசனையும் கனவுமாக ஒன்றின்மேல் ஒன்று படிகிறது, தையல்கடை வாசலில் நிற்கிறான், வளருத பிள்ள, கீழ நல்லா மடிச்சு வச்சுத் தைங்க என்று சொல்லிக்கொண்டிருக்கிறான், யூனிஃபார்ம் பாவாடையை எப்போதும் அப்படித்தான் தைத்தார்கள், இடுப்பில் இரண்டு ஊக்கு, கீழே ஒரு சாண் மடிப்பு, வளர வளரப் பிரித்துவிட்டுக்கொள்ளலாம், புத்தகம் மட்டும் அவனுக்கு எப்போதும் அளவு தப்பியது, முதல் தடவை வாத்துப் படம் போட்ட துணிப் புத்தகத்தைச் சிங்கப்பூரில் வாங்கி வந்தான், கடித்தாலும் கிழியாதது, வந்து பார்த்தால் பிள்ளை கடிக்கிற வயதைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது, அடுத்த தடவை அ ஆ போட்ட அட்டைப் புத்தகம், வந்து பார்த்தால் அவள் இதெல்லாம் எங்க மிஸ்ஸு அப்பவே சொல்லிக் குடுத்துட்டாவ என்று பெரிய மனுஷிபோல ஒதுக்கி வைத்தாள், விட்டுவிட்டுப் போன பிள்ளைக்கு அவன் கடல் முழுக்கப் புத்தகம் வாங்கிக்கொண்டிருந்தான், வீட்டில் வேறொரு பிள்ளை வளர்ந்துகொண்டிருந்தது, பிறகு அந்த நோய்க் காலம், எந்தத் துறைமுகமும் ஆளை இறங்க விடவில்லை, ஒப்பந்தம் முடிந்தும் கப்பலே ஜெயிலாகிப்போனது, இங்கே பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தது, ஒன்றாம் வகுப்பு ராணியின் போனுக்குள் நடந்தது, ஒருவழியாக ஊர் வந்து கதவைத் தட்டினால் நெடுநெடுவென்று ஒரு பெண்பிள்ளை வந்து திறந்து, அம்மா யாரோ வந்திருக்காவ என்றாள், மாஸ்க்கை இறக்கிக் காட்டிய பிறகுதான் அப்பா என்றாள், அன்றைக்கு மனதுக்குள் முடிவு பண்ணியதுதான், இனிமேல் சின்னதாக வாங்குவதில்லை, எவ்வளவு வளர்ந்திருந்தாலும் எட்டுகிற மாதிரி, முன்னால் போய் நிற்கிற மாதிரி, கடையிலேயே பெரியதாக ஒன்று.

சாயங்காலம் பள்ளிக்கூட வேன் வந்து நின்றது, ஜோவி பையைக் கழற்றிப் போட்டுவிட்டு அப்பாவின் கையில் இருந்த புத்தகத்தைப் பார்த்தாள், அவன் சும்மாதான் கேட்டான், அந்த ஆமை எந்தப் பக்கத்துலம்மா வருது, அப்பா தேடித் தேடிப் பாக்கேன், காணல, அது நடுவுல இருக்கும்ப்பா என்றாள், சரி எனக்கு ஒரு பக்கம் படிச்சுக் காட்டு, உன் வாயால நேர்ல கேட்டு எவ்வளவு நாளாச்சு என்றான், அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள், தலைமுடியில் வேர்வையும் சாக்பீஸ் தூளும் மணத்தன, எங்கோ ஒரு பக்கத்தைத் திறந்தாள், அலை பெருசா வந்துச்சாம், ஆமை கழுத்த நீட்டி என்று தொடங்கினாள், அதே குரல், தண்ணீர்போல, ஜெரோமின் கண் புத்தகத்தில் இல்லை, அவள் கண்ணில் இருந்தது, அவள் பார்வை வரியின்மேல் நகரவில்லை, பக்கத்தின் மேல்மூலையில் இருந்த பாய்மரப் படத்தில் அப்படியே நின்றது, அவன் மெல்ல விரலை நீட்டி ஒரு வரியின் கீழே வைத்தான், இங்கேருந்து படிம்மா என்றான். குரல் நின்றது. க, என்றாள், கல, என்றாள், உதட்டை நனைத்துக்கொண்டாள், அவன் முகத்தைப் பார்த்தாள், வரியைப் பார்த்தாள், கல்யாணம் என்றாள், விரலுக்கு மேலே கலங்கரை என்று இருந்தது, ஜெரோமுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, நடுக்கடலில் கல்யாணம் என்றதும் வந்த சிரிப்பு, வாயை மூடுவதற்குள் வெளியே வந்துவிட்டது, ஜோவி புத்தகத்தை மூடவில்லை, அவன் விரல் உள்ளே இருந்ததால் அப்படியே அவன் மடியில் வைத்துவிட்டு எழுந்து, யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் மாடிப்படி ஏறிப் போய்விட்டாள்.

ராணி அடுக்களையில் விளமீனைக் கழுவிக்கொண்டிருந்தாள், இவன் நிலைப்படியில் வந்து நின்றதுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது, திரும்பாமலே கேட்டாள், கண்டுபிடிச்சிட்டியளா, ஒனக்குத் தெரியுமா என்றான், அரைப் பரீட்ச முடிஞ்சு கூப்பிட்டிருந்தாவ, அஞ்சாங்கிளாஸ் பிள்ள, வாசிப்பு ரெண்டாங்கிளாஸ்ல நிக்குதுன்னு டீச்சர் சொன்னாவ, கணக்கு நல்லா போடுதா, வாயால கேட்டா எல்லாம் சொல்லுதா, எழுத்த முன்னால வச்சா மட்டும் ஓடி ஒளியுதா, என்கிட்ட ஏன் சொல்லல என்றான் ஜெரோம், குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது, ராணி இப்போது திரும்பினாள், கையெல்லாம் செதில், சொல்லி, அங்க வச்சு என்ன செய்வீய, கடல்ல குதிச்சு நீந்தி வருவியளா, வாரம் ஒருக்கா பேசுதிய, அதுல பிள்ள படிக்கா படிக்கான்னு அவ்வளவு சந்தோசமா சொல்லுதிய, அதப் போயி எப்படிக் கெடுக்க, நானும் நெனச்சேன், சரி, ஏதோ கதையாவது சொல்லுதாளே, அதுக்காச்சும் வாயத் தொறக்காளேன்னு, அந்தப் புத்தகத்த தெனமும் பையில வச்சுக் கொண்டு போறா, வேண்டாம்ட்டி கனம்னாலும் கேக்க மாட்டேங்கா, தோள்பட்டையப் பாருங்க, பட்டையாச் செவந்து கெடக்கு. குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது, இரண்டு பேரும் அதை மூடவில்லை.

மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஜோவி முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், தூரத்தில் துறைமுகத்துப் பளுதூக்கிகள் மங்கலாகத் தெரிந்தன, காற்றில் கருவாட்டு வாசனை, ஜெரோம் பக்கத்தில் உட்கார்ந்தான், கடலில் அவளிடம் பேசுவது எளிதாக இருந்தது, சிரிச்சது தப்புதான்மா என்றான், அவள் துறைமுகத்தைப் பார்த்தபடியே, நீங்க படிச்சுக் காட்டு படிச்சுக் காட்டுன்னு சொன்னிய, எனக்கு வரலப்பா, எழுத்தெல்லாம் ஒண்ணுமேல ஒண்ணு ஏறிக்கிடுது, மொத நாளு படத்தப் பாத்துச் சொன்னேன், நீங்க சூப்பர்னு சொன்னிய, பொறவு நிறுத்த முடியல என்றாள், வரலன்னு சொல்லியிருக்கலாம்லா என்றான் அவன், சொன்னா நீங்க போன வச்சிருவியளோன்னு இருந்துச்சு, படிக்கதக் கேக்கத்தான் அவ்வளவு நேரம் பேசுவிய, முந்தியெல்லாம் சாப்பிட்டியா, நல்லா இருக்கியா, சரிம்மா அம்மாகிட்ட குடுன்னு சொல்லிருவிய. ஜெரோம் எதிரே பார்த்துக்கொண்டிருந்தான், பளுதூக்கிகள் கலங்கித் தெரிந்தன, இத்தனை மாதமாக ஒரு பிள்ளை அவனைப் போனில் பிடித்து வைத்துக்கொள்வதற்காக வாரா வாரம் ஒரு கடலை உண்டுபண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள், அவன் நகர்ந்த பக்கமெல்லாம் ஆமையை நகர்த்தியிருக்கிறாள், அவன் குளிர்கிறது என்றால் அதற்குக் குளிர வைத்திருக்கிறாள், அவன் அவளை இழுத்துத் தோளோடு அணைத்தபோது, அந்த ஆமை பொய்யிப்பா, நானா சொன்னது என்று அவன் சட்டைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு சொன்னாள், பொய்யில்லம்மா என்றான்.

அன்று படுத்தவன் எப்போது தூங்கினான் என்று தெரியாது, கப்பலின் அடிவயிற்றில் நடந்துகொண்டிருக்கிறான், கையில் ஸ்பானருக்குப் பதிலாகப் புத்தகம், எழுத்துகள் தாளிலிருந்து கழன்று எண்ணெய்த் தண்ணீரில் மிதக்கின்றன, அவன் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்குகிறான், ஒன்றுக்கொன்று சேரவில்லை, யாரோ அவசரம் அவசரம் என்று மேலேயிருந்து கத்துகிறார்கள், விழித்தபோது விடிந்திருந்தது, அந்தத் தவிப்பு மட்டும் நெஞ்சில் மிச்சம் இருந்தது, இப்படித்தான் அவளுக்கு இருக்குமா, தினமும், வகுப்பில், மற்ற பிள்ளைகளுக்கு முன்னால், அதோடுதான் அவன் பள்ளிக்கூடத்துக்குப் போனான், வகுப்பாசிரியை பொன்மாரி, கோவில்பட்டிப் பக்கத்துப் பெண், சின்ன வயதுதான், அவனை உள்ளே கூப்பிட்டு வகுப்பின் மூலையில் இருந்த புத்தக அலமாரியைக் காட்டினாள், ஒவ்வொரு புத்தகத்தின் முதுகிலும் ஒரு வண்ணப் பொட்டு, மஞ்சள், பச்சை, நீலம், மஞ்சள் என்றால் ஆரம்ப வாசிப்பு, நீலம் என்றால் வகுப்புக்குத் தகுந்தது, எப்படித் தெரியும் எந்தப் பிள்ளைக்கு எதுன்னு என்று கேட்டான், ஒரு பக்கத்தப் படிக்கச் சொல்வேன் சார், தெரியாத வார்த்தை வந்தா ஒரு விரல மடக்கணும், பக்கம் முடியறதுக்குள்ள கை மூடிருச்சுன்னா அந்தப் புத்தகம் இப்போதைக்குக் கனம், ஒரு விரல்கூட மடங்கலன்னா ரொம்ப லேசு, ரெண்டு மூணு மடங்குனா சரி, அதுல பிள்ளை முயற்சியும் பண்ணும், சோர்ந்தும் போகாது, நல்லதுன்னு நெனச்சுத்தான் பொட்டு ஒட்டினேன், ஆனா பிள்ளைங்க அத வேற மாதிரி எடுத்துக்கிட்டாங்க, ஜோவிட்டாவ மஞ்சப் பிள்ளை, மஞ்சப் பிள்ளைன்னு கூப்பிட ஆரம்பிச்சிட்டாங்க. அந்தப் பெரிய புத்தகம் கொண்டு வர்றா இல்ல சார், அத டெஸ்க்குமேல நிமித்தி வச்சுக்குவா, அதுக்குப் பின்னால மஞ்சப் பொட்டுப் புத்தகத்த வச்சு யாருக்கும் தெரியாம உதட்ட அசைச்சுப் படிச்சுக்கிட்டிருப்பா, நான் பாத்தும் பாக்காத மாதிரி இருந்துட்டேன்.

ஜெரோம் கொண்டுவந்து கொடுத்தது படிப்பதற்கு ஆகவில்லை, மறைவுக்கு ஆகியிருக்கிறது, பிறகு அவனே ஆமைக் கதையைச் சொன்னான், எங்கோ ஆரம்பித்து எங்கோ போய், விளக்கு, பனி, இருக்கு போ என்று விரட்டும் ஊர்கள், டீச்சர் அலமாரியில் சாய்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள், எங்க ஜோவிட்டாவா என்றாள், வகுப்புல வாயே தொறக்க மாட்டாளே என்றாள், கொஞ்சம் யோசித்துவிட்டு, இதுதான் சார் கஷ்டம், வாசிப்பு ரெண்டாங்கிளாஸ்ல நிக்குது, மனசு எங்கயோ போயிருச்சு, மஞ்சப் புத்தகத்துல நாய்க்குட்டி பந்த எடுத்துச்சுன்னு இருக்கும், கடலையே தாண்டுன பிள்ளைக்கு நாய்க்குட்டியும் பந்தும் எப்படிப் பத்தும், அஞ்சாங்கிளாஸ் புத்தகத்தக் குடுத்தா மூச்சு முட்டும், எழுத்து கொஞ்சமா இருக்கணும், விஷயம் பெரிசா இருக்கணும், அந்த மாதிரிதான் தேடணும், தேடுனா கிடைக்கும், நானும் தேடுறேன், நீங்களும் கூட்டிட்டுப் போயிப் பாருங்க, ஆனா நீங்க எடுக்காதீங்க சார், அவ எடுக்கட்டும் என்றாள். அடுத்த வாரம் பொன்மாரி டீச்சர் எல்லாப் பொட்டையும் வெந்நீரில் துணியை நனைத்து ஊறவைத்து உரித்துவிட்டாள் என்று ராணி சொன்னாள், புத்தகங்களின் முதுகில் வெள்ளையாக வட்டம் வட்டமாகத் தழும்பு மட்டும் இருந்ததாம், எது எந்த நிறம் என்று சீக்கிரமே பிள்ளைகளுக்கு மறந்துபோயிற்றாம்.

நூலகத்தில் சிறுவர் பகுதி மாடியில் இருந்தது, மின்விசிறி கடகடத்துக்கொண்டிருந்தது, ஜோவி வாசலிலேயே நின்றாள், ஜெரோமால் சும்மா இருக்க முடியவில்லை, டீச்சர் சொன்னதையும் மீறிக் கை தானாக அலமாரிக்குப் போனது, பெரிய எழுத்தில் ஒரு முயல் புத்தகத்தை எடுத்து நீட்டினான், அவள் அதைப் பார்த்துவிட்டு அக்கம்பக்கம் பார்த்தாள், இது பாப்பா புக்குப்பா என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள், கண்ணில் அந்த மாடிச் சாயங்காலம் மறுபடி எட்டிப் பார்த்தது, அவன் முயலை இருந்த இடத்திலேயே வைத்தான், நீ பாரு, அப்பா அங்க உக்காந்திருக்கேன் என்று சொல்லிவிட்டுப் போய் ஒரு குட்டி நாற்காலியில் முழங்கால் நெஞ்சில் இடிக்க உட்கார்ந்தான், பேப்பரை விரித்துக்கொண்டான், ஓரக்கண்ணால் பார்த்தான், அவள் முதலில் தடிமனான புத்தகங்கள் இருந்த தட்டுக்குத்தான் போனாள், தொட்டாள், திரும்பி இவனைப் பார்த்தாள், இவன் பேப்பருக்குள் இறங்கினான், பிறகு அவள் தட்டு தட்டாக, மேலேயிருந்து கீழே, எதையோ எடுத்துத் திறப்பாள், இடது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்துக்கொள்வாள், உதடு அசையும், முதுகுக்குப் பின்னால் விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கும், புத்தகத்தை வைத்துவிடுவாள், அடுத்தது, கை மூடும், வைத்துவிடுவாள், எத்தனை தடவை அந்தச் சின்னக் கை மூடித் திறந்தது என்று ஜெரோம் கணக்குப் பார்க்கவில்லை, பேப்பரில் ஒரே வரியைத்தான் மறுபடி மறுபடி பார்த்துக்கொண்டிருந்தான், போய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு போதும்மா, வா போவோம் என்று சொல்லிவிடலாமா என்று இருந்தது, கூரைமேல் புறா குதித்தது, மின்விசிறி கடகடத்தது, ஒரு கட்டத்தில் கை மூடவே இல்லை, இரண்டு விரல் மடங்கி அப்படியே நின்றது, அவள் பக்கத்தைத் திருப்பினாள், மறுபடி திருப்பினாள், தரையில் உட்கார்ந்துவிட்டாள், முதுகுக்குப் பின்னால் இருந்த கையை மறந்துபோய் முன்னால் கொண்டுவந்து படத்தின்மேல் வைத்தாள். வெகுநேரம் கழித்து வந்து நீட்டினாள், ஒல்லியான புத்தகம், அட்டை முழுக்க எரிமலை, பக்கத்துக்கு இரண்டே வரி, ரெண்டு வெரல்தாம்ப்பா என்றாள், பூமிக்குள்ள கல்லே உருகிக் கெடக்காம், தெரியுமா, தெரியாதே என்றான் ஜெரோம்.

அந்த விடுமுறை அப்படிப் போயிற்று, எரிமலை, பிறகு மின்னல், பிறகு பாலைவனம், எல்லாம் ஒல்லி, எல்லாம் பெரிய விஷயம், காக்கித் தாளில் அட்டை போட்டுப் பள்ளிக்கூடத்துக்கும் கொண்டுபோனாள், தடிப்புத்தகம் டிவிக்குப் பக்கத்தில் கிடந்தது, அதை யாரும் திட்டவில்லை, சில நாள் வாசிப்பு நன்றாக வந்தது, சில நாள் எல்லாம் மறந்ததுபோல் அழுதாள், புத்தகத்தை விட்டெறிந்தாள், ராணி போய்ப் பொறுக்கி வந்தாள், ஜெரோமும் ஒரு தடவை பொறுமை இழந்து வார்த்தையை முந்திக்கொண்டு சொல்லிவிட்டான், அன்று பூராவும் அவள் அவனோடு பேசவில்லை, நான் சொல்ல வந்தேன்லா என்று தூங்கப்போகும்போது மட்டும் சொன்னாள், ஒருநாள் ஆமை என்னாச்சு, கரை சேந்துச்சா, அந்த ஒடிசாக்காரர் கேப்பாரு என்றான், அவள் யோசித்தாள், இன்னும் போய்க்கிட்டுத்தாம்ப்பா இருக்கு, ரொம்ப தூரம்லா என்றாள், சொல்லும்போது கண் எங்கோ நகர்ந்துகொண்டிருந்தது.

இப்போது மறுபடி கடல், மறுபடி இரும்புச் சுவரின் அதிர்வு, அறையில் சிக்னல் சரியாக வராது என்பதால் ஜெரோம் மேல்தளத்தில் ஒரு கயிற்றுச் சுருளின்மேல் உட்கார்ந்திருக்கிறான், மடகாஸ்கருக்குக் கிழக்கே எங்கோ, சுற்றிலும் வெயிலும் தண்ணீரும் தவிர ஒன்றும் இல்லை, டீச்சர் புதுசா ஒண்ணு குடுத்தாவப்பா, நீங்க பாக்காதது என்று ஜோவி சொல்லியிருக்கிறாள், அட்டையைக்கூடக் காட்டவில்லை, கடல்ல கெடக்கதப் பத்தி என்று மட்டும் சொன்னாள், இப்போது படிக்கிறாள், க, கண, கணவாய், கணவாய்க்கு, ஒவ்வொரு எழுத்தும் கல்லுக்குக் கல் கால் வைத்துத் தாண்டி வருகிறது, மூ என்கிறாள், மூன், மூன்று, அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. ஜெரோம் போனைக் காதில் அழுத்திக்கொள்கிறான், இணையம் போய்விட்டதா, அவள்தான் நிற்கிறாளா, தெரியவில்லை, ஜோவி, இருக்கியா என்று கேட்க வாய் வருகிறது, கேட்டால் அவள் பாதியில் வைத்த காலை எடுத்துவிடுவாளோ என்று வாயை மூடிக்கொள்கிறான், மூன்று என்ன, அவனுக்கும் தெரியாது, இத்தனை வருசம் தின்ற கணவாய் மீன், மூன்று காலா, மூன்று கண்ணா, அளந்து கொடுத்த இணையம் தீர்ந்துகொண்டிருக்கிறது, தீரட்டும், அலை ஒன்று கப்பலை மெல்லத் தூக்கி இறக்குகிறது, இன்னொன்று வருகிறது, அந்தப் பக்கம் மிக லேசாக, மூக்கால் மூச்சு விடும் சத்தம் போல ஏதோ, அவளுடையதா, காற்றா, அவன் அசையாமல் உட்கார்ந்திருக்கிறான், இ, என்கிறது குரல், இத, இதய, நின்று, பின்னால் போய், மறுபடி முதலிலிருந்து ஓடி வந்து தாண்டுவதுபோல, இதயங்கள் உண்டு, என்று முடித்துவிட்டாள், உடனே வீடே அதிரக் கத்துகிறாள், அப்பா, கணவாய்க்கு மூணு இதயமாம்ப்பா, மூணு, கேட்டியளா, மூணாம்மா, நெசமாவா என்கிறான் ஜெரோம், நெசமாத்தாம்ப்பா, நானா சொல்லல, இதுல போட்டிருக்கு.